தோற்றவர் திரும்பி வரும் வாக்கெடுப்பு

ஞாயிறு இரவு 9.40 மணி. வெளியே மழை. கண்டியைச் சுற்றியுள்ள தோட்டப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை வகுப்பு நடத்தும் சிறிய தொண்டர் குழு ஒன்றின் வட்ஸ்அப்பில் ஒரு வாக்கெடுப்பு வந்து விழுந்தது. "அடுத்த வருஷம் செயலாளர் யார்?" கீழே இரண்டு பெயர்கள். "இன்றிரவு 12 மணிக்குள் போட்டுவிடுங்கள்." நள்ளிரவில் 31க்கு 12 என்று முடிந்தது. கைதட்டும் சின்னங்கள் வரிசையாக வந்தன.

மறுநாள் காலை ஆறரைக்கு ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் ஒரு செய்தி போட்டார். குழு தொடங்கிய நாளிலிருந்து சோக்குப் பெட்டியோடு பஸ் ஏறி வருபவர் அவர். "நான் இப்பதான் பார்க்கிறன் தம்பி. போன் பேரன்ட கையில இருந்தது. பரவாயில்லை." அன்று மாலை, திரையின் நடுவே சின்ன எழுத்தில் அந்த வழக்கமான வரி தெரிந்தது. அவர் குழுவிலிருந்து விலகிவிட்டார்.

யாரும் கள்ள வாக்குப் போடவில்லை. யாரும் அவரை வெளியேற்றவில்லை. 19 வாக்கு வித்தியாசத்தில் அவருடைய ஒரு வாக்கு எதையும் மாற்றியிருக்காது. ஆனாலும் அடுத்த சனிக்கிழமை அவர் வரவில்லை. அவரோடு சேர்ந்து வரும் இன்னும் மூவரும் வரவில்லை.

அந்த வாக்கெடுப்பைப் போட்டவன் நான்.

நாட்டுத் தேர்தலில் தோற்ற கட்சிக்காரர் கோபித்துக்கொண்டு நாட்டை விட்டுப் போய்விட மாட்டார். வரி கட்டுவார், வரிசையில் நிற்பார், ஐந்து வருடம் பொறுத்திருப்பார். தொண்டர் குழுவில் அப்படி இல்லை. சம்பளம் கிடையாது, கட்டாயம் கிடையாது. ஒரு விரல் அசைவில் வெளியேறிவிடலாம். ஆகவே கோயில் தொண்டர் சபையோ, பழைய மாணவர் சங்கமோ, மரண உதவிச் சங்கமோ, ஜமாஅத்தின் இளைஞர் பிரிவோ, எதுவானாலும் அதன் வாக்கெடுப்பு நேர்மையாக நடந்ததா என்று அறிய ஒரு சோதனை போதும். தோற்றவர் அடுத்த சிரமதானத்துக்கு மண்வெட்டியோடு வருகிறாரா? வென்றவரின் மகிழ்ச்சியை வைத்து எதையும் சொல்ல முடியாது. எப்படி வென்றாலும் அவர் மகிழ்ச்சியாகத்தான் இருப்பார்.

இடாப்பைத் தொட்டால் போதும்

வாக்காளர் பட்டியலை மாற்றினாலே முடிவும் மாறிவிடும் என்ற பாடத்தை மலையகத்தவருக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. கண்டி மாவட்டத்தின் நாவலப்பிட்டித் தொகுதியில் கே. இராஜலிங்கம் வென்றார். அடுத்த ஆண்டு வந்த 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலானோரைக் குடியுரிமை அற்றவர்களாக்கியது. 1949இல் தேர்தல் சட்டம் திருத்தப்பட்டு, வாக்குரிமை குடியுரிமையோடு கட்டப்பட்டது. 1952 தேர்தலில் அந்த ஏழில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. மலையக மக்களின் பிரதிநிதியாக சௌ. தொண்டமான் தேர்தலில் வென்று மீண்டும் பாராளுமன்றம் போக 1977 ஆகிவிட்டது. இடையில் 30 ஆண்டுகள்.

அங்கே யாரும் வாக்குப்பெட்டியை உடைக்கவில்லை, வாக்குச்சீட்டை மாற்றவில்லை. வாக்காளர் இடாப்பை மட்டும் தொட்டார்கள். யார் வாக்களிக்கலாம் என்ற பட்டியல் எழுதப்படும்போதே பாதி முடிவு எழுதப்பட்டுவிடுகிறது.

நாட்டுச் சட்டத்தையும் வட்ஸ்அப் குழுவையும் ஒரே தராசில் வைப்பது மிகைதான். ஆனால் குழுவின் 'அட்மின்' கையில் இருப்பதும் ஓர் இடாப்புதான். அதில் யாரையும் நினைத்த நேரத்தில் சேர்க்கலாம், நீக்கலாம். செயலாளர் தெரிவுக்கு இரண்டு நாளைக்கு முன் பத்துப் புதிய இலக்கங்கள் குழுவில் சேர்வதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். அவர்கள் எல்லோரும் உண்மையான மனிதர்கள், நல்லவர்களும்கூட. ஆனால் ஒரு சனிக்கிழமையும் வகுப்புக்கு வந்ததில்லை.

அரசாங்கத் தேர்தலில் இடாப்பு முன்கூட்டியே தயாராகிறது. மக்கள் பார்வைக்கு வைக்கப்படுகிறது. பெயர் விடுபட்டவர் முறையிடவும், தகுதியற்ற பெயரை ஆட்சேபிக்கவும் அவகாசம் உண்டு. உலகின் மிகப் பெரிய தொண்டர் சமூகங்களில் ஒன்றான விக்கிப்பீடியரும் இதையே செய்கிறார்கள். விக்கிமீடியா அறக்கட்டளையின் அறங்காவலர்களைத் தெரிவுசெய்ய 2021 ஓகஸ்டில் வாக்கெடுப்பு நடந்தது. அதில் வாக்களிக்க, அந்த ஆண்டு ஜூலை 5க்கு முன் குறைந்தது 300 தொகுப்புகள் செய்திருக்க வேண்டும். அதற்கு முந்திய ஆறு மாதத்துக்குள் 20 தொகுப்புகளாவது இருக்க வேண்டும். வேலை செய்தவருக்கு வாக்கு. அந்த வேலையும் ஒரு திகதிக்கு முன் செய்யப்பட்டிருக்க வேண்டும். திகதி வாக்கெடுப்புக்கு ஒரு மாதத்துக்கு முன்பே போய்விட்டதால், கடைசி நேரத்தில் ஆள் சேர்த்துப் பயனில்லை.

நம் சங்கங்களுக்கு 300 தேவையில்லை. 'கடந்த ஆறு மாதத்தில் மூன்று நாளாவது வேலைக்கு வந்தவர்' என்ற ஒரு வரி போதும். வரவுப் பதிவேடு எப்படியும் இருக்கிறது. அதைப் பார்த்துப் பெயர்ப் பட்டியலை எழுதி, வாக்கெடுப்புக்கு இரண்டு வாரத்துக்கு முன் எல்லோருக்கும் அனுப்புங்கள். "என் பெயர் ஏன் இல்லை?" என்ற கேள்வி வாக்கெடுப்புக்கு முன் வந்தால் அது ஒரு திருத்தம். அதே கேள்வி பின்னர் வந்தால் அது ஒரு பிளவு.

போனுக்கா வாக்கு, ஆளுக்கா?

இந்தப் பட்டியலில் மலைநாட்டுக்கே உரிய சிக்கல் ஒன்றுண்டு. வட்ஸ்அப் கணக்கு ஒரு தொலைபேசி இலக்கத்துக்கு உரியது. கண்டி நகரில் ஒருவரிடம் இரண்டு 'சிம்' இருக்கும். ஒன்று கடைக்கு, ஒன்று வீட்டுக்கு. இரண்டும் குழுவில் இருந்தால் இரண்டு வாக்கு. கலஹா, தெல்தோட்டைப் பக்கத்து லயம் ஒன்றில் ஒரு வீட்டுக்கு ஒரு நல்ல போன்தான் இருக்கும். பகலில் அது மகனோடு கொழும்பில் இருக்கும், அல்லது பிள்ளையின் பாடத்துக்குப் போய்விடும். கொழுந்து பறித்துவிட்டு ஐந்து மணிக்கு வீடு திரும்பும் தாய், சமையல் முடித்து அதைக் கையில் எடுப்பதற்குள் 'டேட்டா' தீர்ந்திருக்கும். அந்த வீட்டில் தொண்டு செய்பவர் அந்தத் தாய். குழுவில் இருக்கும் இலக்கமோ மகனுடையது.

போனுக்கு ஒரு வாக்கு என்று வைத்தால், வேலை செய்யும் பெண்ணின் வாக்கை வேலைக்கு வராத ஆண் போடுவார். யாரும் ஏமாற்றாமலே இது நடக்கும். ஆகவே பட்டியலில் இருக்க வேண்டியவை ஆட்களின் பெயர்கள். இணையத்தில் வாக்களிக்க முடியாதவரை இருவர் சேர்ந்து தொலைபேசியில் அழைக்கலாம். சனிக்கிழமை வகுப்பு முடிந்தபின் ஒரு தாள் கொடுத்து மடித்துப் போடச் சொல்லலாம். இணைய வாக்கெடுப்பு என்பதற்காக இணையத்தில் மட்டும்தான் நடக்க வேண்டும் என்று எந்த யாப்பிலும் இல்லை.

கால அவகாசமும் இதோடு சேர்ந்ததே. இரண்டு மணி இருபது நிமிட வாக்கெடுப்பில், அந்த நேரத்தில் போனும் சிக்னலும் ஓய்வும் உள்ளவர்களே வெல்வார்கள். குறைந்தது ஏழு நாள் திறந்திருக்க வேண்டும். அந்த ஏழு நாளுக்குள் ஒரு சனியும் ஒரு ஞாயிறும் வந்துவிடும். முடிகிற நாளையும் நேரத்தையும் தொடங்கும்போதே சொல்லிவிட வேண்டும். முடிவு நமக்குப் பிடித்த பக்கம் சாயும் நேரம் பார்த்து மூடுவதும், சாயும் வரை நீட்டிப்பதும் ஒரே குற்றத்தின் இரண்டு வடிவங்கள்.

கேள்வியை யார் எழுதியது?

"மாதச் சந்தாவை 200 ரூபாயாக உயர்த்துவோமா? ஆம். ஆம், அடுத்த மாதத்திலிருந்து." இது நகைச்சுவையாகத் தெரியலாம். ஆனால் நம் குழுக்களில் வரும் கேள்விகள் பலவற்றில் 'இல்லை' என்பதற்கு இடமே இருப்பதில்லை. "பிள்ளைகளின் நன்மைக்காக வகுப்பை டவுனுக்கு மாற்றலாமா?" என்று கேட்டால், மறுப்பவர் பிள்ளைகளின் நன்மைக்கு விரோதி ஆகிவிடுகிறார். கேள்வியை எழுதுபவர் ஒரு பக்கம் என்றால், அனுப்புமுன் அதை மறுபக்கத்தைச் சேர்ந்த ஒருவர் வாசித்து "சரி" சொல்ல வேண்டும். இந்த ஒரு பழக்கம் பாதிச் சண்டையைத் தவிர்த்துவிடும்.

கண்டியில் கேள்விக்கு இரண்டு மொழி வேண்டும். இங்குள்ள நல்ல குழுக்களில் சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் சேர்ந்தே இருக்கிறார்கள். ஜனாதிபதித் தேர்தல் வாக்குச்சீட்டில் வேட்பாளர் பெயர் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் இருக்கிறது. நம் குழுவிலோ கேள்வி ஆங்கில எழுத்தில் எழுதிய சிங்களத்தில் வரும். தமிழ் விளக்கம் நாலு மணி நேரம் கழித்து யாரோ ஒருவரின் குரல்பதிவாக வரும். அதற்குள் பாதி வாக்கு விழுந்திருக்கும். இரண்டு மொழியிலும் ஒரே நேரத்தில், ஒரே பொருளில் வராத கேள்விக்கு வந்த பதிலை முடிவு என்று சொல்லக்கூடாது.

இன்னொன்று, இது முடிவா, யோசனை கேட்பா என்பதையும் முதலிலேயே சொல்ல வேண்டும். 2016இல் பிரித்தானியாவின் இயற்கைச் சூழல் ஆராய்ச்சி மன்றம் தன் புதிய துருவ ஆய்வுக் கப்பலுக்குப் பெயர் வைக்கும்படி இணையத்தில் மக்களைக் கேட்டது. ஒரு வானொலிக்காரர் விளையாட்டாகச் சொன்ன 'போட்டி மெக்போட்ஃபேஸ்' என்ற பெயருக்கு ஒரு இலட்சத்து 24 ஆயிரத்துக்கு மேல் வாக்குகள் விழுந்தன. கப்பலுக்கு வைத்ததோ சர் டேவிட் அட்டன்பரோவின் பெயர். அந்த விளையாட்டுப் பெயரை ஓர் ஆளில்லா நீர்மூழ்கிக்குச் சூட்டிச் சமாளித்தார்கள். ஒரு நாடே சிரித்துவிட்டு மறந்தது. ஐம்பது பேர் உள்ள சங்கத்தில் யாரும் சிரிக்க மாட்டார்கள். "எங்களைக் கேட்டுவிட்டுத் தங்கள் விருப்பப்படி செய்தார்கள்" என்று பத்து வருடம் சொல்வார்கள்.

யார் எங்கே போட்டார்

வட்ஸ்அப்புக்குள் வாக்கெடுப்பு வசதி வந்தது 2022 நவம்பரில். பன்னிரண்டு தெரிவுகள் வரை கொடுக்கலாம். வழமையான வாக்கெடுப்பில் எந்தப் பெயருக்குக் கீழே யார் போட்டார் என்பதை ஒரு தட்டலில் குழு முழுவதும் பார்க்கலாம். எண்ணிக்கையும் அந்தந்த நிமிடமே ஏறும். போட்ட வாக்கைப் பிறகு மாற்றவும் முடியும்.

பிரித்தானியாவில் 1872 வரை தேர்தல் இப்படித்தான் நடந்தது. வாக்காளர் எல்லோர் முன்னும் வாய்விட்டுப் பெயர் சொல்வார். அது ஏட்டில் பதிவாகும். அந்த ஏடு அச்சாகி விற்பனைக்கும் வரும். குத்தகைக்காரன் எந்தப் பக்கம் நின்றான் என்பதை நிலக்காரர் அதில் பார்த்துக்கொள்வார். இரகசிய வாக்கு வந்தது அதற்கு முடிவு கட்டத்தான்.

நம் குழுவில் நிலக்காரர் இல்லை. ஆனால் வருடா வருடம் கொப்பிகளை அன்பளிப்பாகத் தரும் வர்த்தகர் இருக்கிறார். பிள்ளைக்குச் சிபாரிசுக் கடிதம் தரக்கூடிய அதிபர் இருக்கிறார். தோட்டத் தலைவர் இருக்கிறார், அண்ணன் இருக்கிறார், மாமா இருக்கிறார். அவர்கள் யாரையும் மிரட்ட வேண்டியதில்லை. அவர்கள் பார்க்கிறார்கள் என்பது தெரிந்தால் போதும். நான் போட்ட அந்த வாக்கெடுப்பில் முதல் ஐந்து வாக்கும் ஒரே பக்கம் விழுந்தன. ஆறாவது ஆள் எட்டு நிமிடம் தயங்கிவிட்டு அந்தப் பக்கமே போட்டார். பிறகு நேரில் கண்டபோது, "எதுக்கு வீணாய் மனஸ்தாபம் அண்ணே" என்றார்.

எல்லாவற்றையும் மறைக்கச் சொல்லவில்லை. சிரமதானம் சனியா ஞாயிறா, தேநீரோடு வடையா ரோல்ஸா என்பதற்கு வட்ஸ்அப் வாக்கெடுப்பு மிகப் பொருத்தம். யார் வருகிறார் என்பதும் தெரிந்துவிடும். ஆட்களைத் தெரிவுசெய்வது, பணம், ஒருவர் மீதான ஒழுக்காற்று நடவடிக்கை ஆகிய மூன்றும் இரகசியமாகவே நடக்க வேண்டும். சங்கத்தின் பணத்தை எங்கே செலவழிப்பது என்று நிர்வாக சபையினர் போடும் வாக்கு வேறு வகை. அவர்கள் நம் பிரதிநிதிகள். அவர்களின் வாக்கு நமக்குத் தெரிய வேண்டும்.

இரகசியத்துக்குப் பெரிய தொழில்நுட்பம் வேண்டியதில்லை. கூகுள் படிவம் போதும். ஆனால் ஒருவருக்கு ஒரு பதில் என்ற கட்டுப்பாட்டை அதில் போட்டால் ஆளாளுக்கு ஒரு கூகுள் கணக்கு வேண்டும். வீட்டுக்கு ஒரு போன் உள்ள இடத்தில் அது சரிவராது. கட்டுப்பாட்டை எடுத்துவிட்டால் ஒருவரே இருபது முறை நிரப்பலாம். இதற்கு நாங்கள் கண்ட வழி பழைய வழிதான். பெயர்ப் பட்டியலில் எத்தனை பேரோ அத்தனை துண்டுச் சீட்டு. ஒவ்வொன்றிலும் ஒரு குறியெண். மடித்து, ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுக் குலுக்கி, ஆளுக்கு ஒன்று எடுக்கச் சொன்னோம். யாரிடம் எந்த எண் என்று யாருக்கும் தெரியாது. படிவத்தில் முதல் கேள்வி அந்த எண். ஒரே எண் இரண்டு முறை வந்தால் கடைசியாக வந்ததே செல்லும் என்று முன்பே அறிவித்தோம். பெயர்ப் பட்டியல் ஒருவரிடம், படிவத்தின் பதில்கள் இன்னொருவரிடம். இருவரும் போட்டியிடாதவர்கள், ஒருவர் ஒரு பக்கத்தாரின் ஆள், மற்றவர் மறுபக்கத்தாரின் ஆள். நாட்டுத் தேர்தலில் வாக்கெண்ணும் இடத்தில் கட்சி முகவர்கள் உட்கார்ந்திருப்பதன் காரணமும் இதுதான். ஆட்களின் நல்லெண்ணத்தை நம்பி வேலையைக் கொடுக்காமல், ஒருவர் கண் மற்றவர் கைமீது இருக்கும்படி கொடுத்துவிட வேண்டும்.

இரண்டாவது விருப்பு எங்கே போனது?

மூன்று தெரிவு வந்தால் கணக்கு குழம்பும். ஐம்பது பேர் வகுப்புக்கு இடம் தேடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நகர மண்டபத்துக்கு 20 பேர், தோட்டக் கோயில் மண்டபத்துக்கு 16, தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு 14. அதிக வாக்கு நகர மண்டபத்துக்கு. ஆனால் 30 பேர் கேட்டது பிள்ளைகள் நடந்து வரக்கூடிய இடத்தை. அவர்கள் இரண்டாகப் பிரிந்ததால் பஸ் ஏறி வர வேண்டிய இடம் வென்றுவிட்டது.

இதற்கு மருந்து நம் நாட்டின் ஜனாதிபதித் தேர்தல் வாக்குச்சீட்டிலேயே இருக்கிறது. ஒன்று, இரண்டு, மூன்று என்று விருப்பு இடலாம். 2024 செப்டெம்பர் 21 தேர்தலில்தான் முதல் தடவையாக இரண்டாம் சுற்று எண்ண வேண்டி வந்தது. முதல் சுற்றில் அநுர குமார திசாநாயக்க 5,634,915 வாக்குகளும் சஜித் பிரேமதாச 4,363,035 வாக்குகளும் பெற்றார்கள். யாரும் பாதியைத் தாண்டவில்லை. விருப்பு வாக்குகளைச் சேர்த்தபின் 5,740,179க்கு 4,530,902 என்று முடிந்தது. இதில் கவனிக்க வேண்டியது, வெளியேறிய வேட்பாளர்களுக்கு விழுந்திருந்த 33 இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளில், இருவரில் ஒருவருக்கு விருப்பாகப் போய்ச் சேர்ந்தவை 273,131 மட்டும். பத்தில் ஒன்றைக்கூட எட்டவில்லை. உரிமை 1978 அரசியலமைப்பிலிருந்தே இருந்தது. அதைப் பயன்படுத்தும் பழக்கம் இருக்கவில்லை.

அந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொள்ள நம் சின்னச் சங்கங்களை விட நல்ல பள்ளிக்கூடம் ஏது? "உங்களுக்குப் பிடித்தது கிடைக்காவிட்டால் அடுத்தது எது?" என்று படிவத்தில் இன்னொரு கேள்வி சேர்த்தால் போதும். மேலே சொன்ன கணக்கில் பள்ளிக்கூடத்தைக் கேட்ட 14 பேரும் இரண்டாவதாகக் கோயில் மண்டபத்தைச் சொன்னால் அது 30 ஆகிவிடும். பள்ளிக்கூடத்தைக் கேட்டுத் தோற்றவருக்கும் தன் பேச்சு காற்றில் போகவில்லை என்று தெரியும்.

வாக்கெடுப்பே கூடாத இடங்கள்

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தபோது கண்டி மாவட்டம் மண்சரிவுகளால் சிதைந்தது. வீதிகள் மூடின, மின்சாரம் போனது, போன்கள் ஊமையாகின. அப்படிப்பட்ட இரவில் "முதலில் எந்தத் தோட்டத்துக்கு அரிசி?" என்று வாக்கெடுப்பு வைத்தால், சிக்னல் உள்ள தோட்டமே வெல்லும். அதிகம் நொந்த தோட்டத்துக்குத்தான் சிக்னல் இருக்காது. அந்த வேளையில் மூன்று பேரிடம் அதிகாரத்தைக் கொடுத்துவிட வேண்டும். வெள்ளம் வடிந்தபின் அவர்கள் ஒவ்வொரு மூட்டைக்கும் கணக்குச் சொல்ல வேண்டும்.

பெரும்பான்மை தொடக்கூடாத விடயங்களும் உண்டு. கூட்டக் குறிப்பைத் தமிழிலும் எழுதுவதா, நோன்பு காலத்தில் கூட்ட நேரத்தை மாற்றுவதா, மாமிச உணவு சாப்பிடாதவருக்குத் தனிப் பார்சல் வைப்பதா என்பவற்றை வாக்குக்கு விட்டால், எண்ணிக்கையில் குறைந்தவர் ஒவ்வொரு முறையும் தோற்பார். 2018 மார்ச்சில் முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறையில் திகன, தெல்தெனியப் பகுதிகள் எரிந்ததைப் பார்த்த மாவட்டம் இது. அப்போது அரசாங்கம் பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் சில நாட்களுக்கு முடக்கியது. அந்த நாட்களில் அயலவரைக் கடையிலும் வீட்டிலும் மறைத்துக் காத்தவர்கள் யாரும் கைதூக்கி எண்ணிப் பார்த்துவிட்டு அதைச் செய்யவில்லை.

"சின்னச் சங்கத்துக்கு ஏன் இவ்வளவு கெடுபிடி? மனம் சுத்தமாக இருந்தால் போதாதா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அன்றிரவு என் மனமும் சுத்தமாகத்தான் இருந்தது. வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டு உறங்க நினைத்தேன், அவ்வளவுதான். சுத்தமான மனத்தோடும் ஓர் ஆசிரியையை வெளியே தள்ள முடியும் என்பதை மறுநாள் கற்றுக்கொண்டேன்.

பிறகு ஒரு நாள் அவர் வீட்டுக்குப் போய், தேநீர் குடித்து, மன்னிப்புக் கேட்டேன். அவர் உடனே வருவதாகச் சொல்லவில்லை. "அடுத்த முறை எப்படி நடத்துறீங்க எண்டு பார்ப்பம் தம்பி" என்றார். அடுத்த முறை பெயர்ப் பட்டியல் வந்தது, பிஸ்கட் டின் வந்தது, ஏழு நாள் அவகாசம் வந்தது. வகுப்பைக் கண்டி நகருக்குக் கொண்டுவர வேண்டும் என்ற யோசனை என்னுடையது. தோட்டத்திலேயே நடக்கட்டும் என்பது டீச்சரின் பக்கம். எத்தனை பேர் பட்டியலில், எத்தனை பேர் போட்டார்கள், எத்தனை பேர் போடவில்லை, எத்தனை செல்லாது என்று எல்லா எண்ணும் குழுவுக்கு வந்தது. நான் ஆறு வாக்கில் தோற்றேன்.

அந்தச் சனிக்கிழமை கலஹா பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். பஸ் பேராதனைப் பல்கலைக்கழக மரநிழலைத் தாண்டி மேலேறும் வரை, எனக்கு எங்கே அநியாயம் நடந்தது என்று மனத்துக்குள் துருவித் துருவிப் பார்த்தேன். கோபித்துக்கொள்ள ஓர் இடம் கிடைத்தால் அடுத்த தரிப்பிடத்தில் இறங்கியிருப்பேன். ஒன்றும் அகப்படவில்லை. மடியில் இருந்த கொப்பிக் கட்டைச் சரிசெய்துகொண்டு, வகுப்புக்குப் போய்ச் சேர்ந்தேன்.